‘விவரம் இல்லை’ என்று அமைச்சர் பதில் சொன்னால்: நாடாளுமன்றத்தில் சுகாதாரக் கேள்விகள்

கேள்வி: “அரசு மருத்துவமனைகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் எதைக் கேட்டாலும் ‘சுகாதாரம் மாநிலப் பொருள்’, ‘விவரம் எங்களிடம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சரியான பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அமைச்சருக்குக் கிடையாதா? மழுப்பினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாதா?”

பதில் தரும் கடமை நிச்சயம் உண்டு. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசமைப்புச் சட்டத்தின் 75(3) சொல்கிறது. ஒவ்வொரு துறைக்கும் அவையில் பதில் சொல்ல நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். சுகாதாரத் துறைக்கு மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் செவ்வாய்க்கிழமை. அந்த நாளில் ஏதாவது ஒரு பதில் வந்தாக வேண்டும். ஆனால் வந்த பதில் போதுமானதா, கேட்டதற்குத்தான் சொன்னாரா என்று சபாநாயகர் பொதுவாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. நீங்கள் கேட்கும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பதில் பொய்யாக இருந்தால் பிடிக்க வழி உண்டு. உண்மையாகவும் வெறுமையாகவும் இருந்தால் பிடிப்பது கஷ்டம்.

இதற்கு 2021 ஜூலை 20-ஐ விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கோவிட் இரண்டாவது அலை ஓய்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் கே.சி. வேணுகோபால் கேட்டிருந்தார். இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார் எழுத்துமூலம் பதில் தந்தார். சுகாதாரம் மாநிலப் பொருள். இறப்புகளை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறோம். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. பதிலின் சாரம் இவ்வளவுதான். முதல் அலையில் 3,095 மெட்ரிக் டன்னாக இருந்த ஆக்சிஜன் தேவை இரண்டாவது அலையில் கிட்டத்தட்ட 9,000 மெட்ரிக் டன் வரை போனது என்றும் அதே பதில் சொன்னது.

நாடே கொதித்தது. கொதிக்காமல் எப்படி இருக்கும்? மே 1 அன்று டெல்லி பத்ரா மருத்துவமனையில் ஒரு மருத்துவர் உட்பட 12 பேர் ஆக்சிஜன் தீர்ந்து இறந்ததை அந்த மருத்துவமனையே உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. கர்நாடகத்தின் சாமராஜநகரில் ஒரே நாளில் 24 பேர் இறந்தார்கள். திருப்பதி ரூயா மருத்துவமனையில் மே 10 இரவு டேங்கர் வரத் தாமதமாகி 11 பேர் போனார்கள். இவை ரகசியமாக நடந்தவை அல்ல. தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இனி அந்தப் பதிலை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். ஒரு வரி கூடப் பொய் இல்லை. மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் மருத்துவர் எழுதும் காரணச் சான்று படிவம் 4. உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று அதில் வரிசையாக எழுத வேண்டும். கோவிட் நோயாளிக்கு மூச்சு மண்டலச் செயலிழப்பு, நிமோனியா, கோவிட்-19 என்று எழுதுவார்கள். சிலிண்டர் வராதது நோய் இல்லையே, சூழ்நிலைதானே! அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. மாநிலங்கள் தினமும் டெல்லிக்கு அனுப்பியவை தொற்று, இறப்பு எண்ணிக்கைகள். ஆக்சிஜன் என்று தனியாக ஒரு கட்டம் அதில் இருந்திருந்தால்தான் யாராவது அதை நிரப்பியிருப்பார்கள். கேட்காத விவரத்தை யாரும் தரவில்லை என்று அரசு அவையில் சொன்னது.

மத்திய அரசை மட்டும் குறை சொன்னால் அது நேர்மையாக இருக்காது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 2021 மே முதல் வாரத்தில் ஒரே இரவில் 13 பேர் இறந்தபோது, ஆக்சிஜன் பற்றாக்குறை காரணமில்லை என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் மாநிலங்கள் ‘எங்களிடம் அப்படி இறப்பு இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தன. ஆக, மாநிலம் மறுத்தது. மறுத்ததை மத்திய அரசு தொகுத்தது. தொகுத்ததை அமைச்சர் வாசித்தார். இந்தச் சங்கிலியில் யாரும் தனியாகப் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கேட்டவருக்கு உண்மை போய்ச் சேரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சுகாதார அமைச்சராக இருந்த ஹர்ஷ் வர்தன் ஜூலை 7-ஆம் தேதி பதவி விலகிவிட்டார். மன்சுக் மாண்டவியாவும் பவாரும் அந்தத் துறைக்கு வந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை. ஆள் மாறினாலும் பொறுப்பு பதவியோடு தொடர்கிறது என்பதுதான் நாடாளுமன்ற மரபு. நடைமுறையில், முடிவெடுத்தவர் வீட்டில் இருக்க, புதிதாக வந்தவர் அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த தாளை அவையில் வைத்தார்.

சரி, ‘மாநிலப் பொருள்’ என்ற வாதத்துக்கு வருவோம். ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6-வது இனம் பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள், மருந்தகங்கள். அது உண்மைதான். ஆனால் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-வது இனம். மருந்துகள், மருத்துவத் தொழில், மருத்துவக் கல்வி எல்லாமே பொதுப் பட்டியலில்தான் வருகின்றன. ஆக்சிஜன் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் பலவீனமானது. 2021 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்குப் போகும் ஆக்சிஜனை நிறுத்தி, எந்த மாநிலத்துக்கு எத்தனை டன் என்று பங்கிட்டதே மத்திய அரசுதான். அந்தப் பங்கீடு சரியில்லை என்று வழக்குகள் போய், உச்ச நீதிமன்றம் மே மாதம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. பங்கிடும்போது மத்தியப் பொருளாக இருந்தது, கணக்குச் சொல்லும்போது மட்டும் மாநிலப் பொருளாக மாறிவிடக் கூடாது.

இதே வாதம் பத்து மாதங்களுக்கு முன்பும் வந்தது. 2020 செப்டம்பர் 15 அன்று, கோவிட்டில் எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, சுகாதாரம் மாநிலப் பொருள், அந்த விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்று இணையமைச்சர் அஸ்வினி சௌபே பதில் தந்தார். மறுநாளே இந்திய மருத்துவர் சங்கம் 382 மருத்துவர்கள் இறந்ததாகக் கணக்கு வெளியிட்டது. ஒரு சங்கத்தால் முடிந்தது அமைச்சகத்தால் முடியவில்லை. இத்தனைக்கும், இறந்த பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று அறிவித்ததே மத்திய அரசுதான்.

‘பராமரிக்கப்படவில்லை’ என்ற பதில் ஏன் அதிகாரிகளுக்கு இவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பலரும் கவனிக்காத காரணம். மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 முதல் இயங்கி வருகிறது. மாநிலங்களவையிலும் தனியாக உண்டு. அமைச்சர் அவையில் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘ஆராய்கிறேன்’, ‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழி ஆகும் என்று பட்டியலே இருக்கிறது. பதிவானதை 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும், அல்லது கைவிட அனுமதி கேட்க வேண்டும். அமைச்சகத்தின் செயலாளரையே குழு கூப்பிட்டு விசாரிக்கும். ‘சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்பது கையெழுத்துப் போட்ட கடன் மாதிரி, அமைச்சகத்தின் தலையில் நிற்கும். ‘மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை’ என்று எழுதிவிட்டால் எந்தக் கடனும் ஏறாது, கோப்பு அன்றோடு மூடிவிடும். பதில் தயாரிக்கும் அனுபவமுள்ள அதிகாரிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நம்முடைய விதிகளில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், நான் இதைத்தான் சொல்வேன். மக்கள் உயிர் தொடர்பான விவரம் இல்லை என்று அமைச்சர் சொன்னால், அதைச் சேகரிப்பதாகவோ, ஏன் சேகரிக்க முடியாது என்று விளக்குவதாகவோ ஒரு உறுதிமொழி தானாகவே பதிவாக வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, வாய்மொழிக் கேள்வி என்ற ஆயுதம் இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 வரை. குறியிடாததற்கு எழுத்தில்தான் பதில். அதற்கு மேல் பேச்சில்லை. நட்சத்திரக் குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், உடனே துணைக் கேள்வி கேட்கலாம். ‘மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்கிறீர்கள், நீங்கள் எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் கேட்டீர்கள்?’ என்று ஒரே ஒரு துணைக் கேள்வி போதும், தாளில் இருக்கும் பதில் உதவாது. அமைச்சர் தன் துறையை அறிந்திருக்கிறாரா என்பது அங்கேதான் தெரியும். ஆனால் குலுக்கலில் முன்னால் வந்த நாலைந்து கேள்விகளைத்தான் ஒரு மணி நேரத்தில் தொட முடியும். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கோவிட்டைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். சுகாதாரப் பணியாளர் பற்றிய பதில் அந்தக் கூட்டத்தொடரில் வந்ததுதான். 2021 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இருந்தது. ஆனால் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் அவைகளே பெரும்பாலும் முடங்கின. பெகாசஸும் பெரிய பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி நேரம் முடங்கிய ஒவ்வொரு நாளும் சுகாதார அமைச்சகத்துக்கு லாபம்தான். அமளி செய்யும் எந்தக் கட்சியும் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. 1957-ல் எல்.ஐ.சி.யின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்டதைப் பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. பூசி மெழுகிய பதில் வந்தது. விடாமல் துருவினார்கள். டிசம்பரில் காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி ஆதாரங்களோடு எழுந்தார். நீதிபதி சாக்ளா விசாரணை, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. முதல் பதிலோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஆக்சிஜன் விஷயத்திலும் அந்த ஒரு பதிலோடு கதை முடியவில்லை. எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, ஜூலை கடைசியில், மத்திய அரசு மாநிலங்களிடம் ஆக்சிஜன் இறப்பு விவரத்தைத் தனியாகக் கேட்டது. அதாவது அந்தக் கட்டம் அப்போதுதான் படிவத்தில் வந்தது. ஆகஸ்டில் ஆந்திரத்தின் ரூயா மருத்துவமனை இறப்புகள் அவையில் வைத்த பதிலில் இடம்பெற்றன. டிசம்பரில், 19 மாநிலங்கள் பதில் தந்தன, பஞ்சாப் மட்டும் சந்தேகத்துக்குரிய 4 இறப்புகளைச் சொல்கிறது என்றார் மாண்டவியா. இந்த எண்களை நம்பச் சொல்லவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் அமைத்த குழுவே சாமராஜநகர் இறப்புகளில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கும்போது, நாடு முழுதும் நான்கு என்பது எப்படிச் சரியாகும்? 2022 செப்டம்பரில் சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் 137-வது அறிக்கையில், அமைச்சகத்தின் இந்த மறுப்பை ஏற்கவில்லை. மாநிலங்களோடு சேர்ந்து ஆக்சிஜன் இறப்புகளைத் தணிக்கை செய்யச் சொன்னது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், ‘இறப்பே இல்லை’ என்பது நாடாளுமன்றப் பதிவில் கடைசிச் சொல்லாக நிற்கவில்லை. அது கேட்டவர்கள் விடாமல் கேட்டதால் வந்தது.

சரி, அமைச்சரின் பதில் தவறு என்று தோன்றினால் என்ன வழி? சபாநாயகரின் 115-வது வழிகாட்டுதலின்படி, உறுப்பினர் ஆதாரத்தோடு சபாநாயகருக்கு எழுதலாம். அமைச்சரின் விளக்கம் கேட்கப்படும், தவறென்றால் அமைச்சர் அவையில் திருத்தம் தரலாம். வேண்டுமென்றே அவையைத் திசைதிருப்பினார் என்றால் உரிமை மீறல் நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் ‘வேண்டுமென்றே’ என்பதை நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அரை மணி நேர விவாதம் கேட்பது இவற்றை விடப் பயன் தரும். பதிலில் இருந்து எழும் விஷயத்தை அமைச்சர் எதிரிலேயே விரிவாகப் பேசலாம்.

இந்தத் தட்டிக்கழிப்பு இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தில் 2005 ஜனவரி 1 முதல் பொது மருத்துவச் சேவை முழுதும் எச்.எஸ்.இ. என்ற தனி அமைப்பின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு, மருத்துவமனை பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு ‘இது எச்.எஸ்.இ.யின் வேலை, உங்களுக்கு நேரடியாகப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறேன்’ என்பதே சுகாதார அமைச்சரின் வழக்கமான பதிலாயிற்று. உறுப்பினர்கள் வெகுகாலம் இதை எதிர்த்தார்கள். அங்கே தள்ளிவிட ஒரு நிர்வாக அமைப்பு, இங்கே மாநிலப் பட்டியல். ஒரு வித்தியாசம்: அங்கே யாரிடம் தள்ளினார்களோ அவர்கள் பதில் எழுதித் தந்தாக வேண்டும். இங்கே மத்திய அமைச்சர் ‘மாநிலம்’ என்றதும், அந்தக் கேள்வி எந்த மாநிலத்தின் மேசைக்கும் தானாகப் போய்ச் சேருவதில்லை.

அப்படியானால் மாநிலத்தில்தான் கேட்க வேண்டும். தமிழகச் சட்டமன்றத்தில் சுகாதாரக் கேள்விகள் நிறையவே வருகின்றன. பெரும்பாலும் ஒரே அச்சு: ‘எங்கள் தொகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா?’ பதிலும் ஒரே அச்சு: ‘அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை’, இல்லையென்றால் ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’. தொகுதிக்கு ஒரு கட்டடம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள நிலையத்தில் மருத்துவர் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி, பிரசவத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேரை எந்தக் காரணத்துக்காக மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், அதில் எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. 2022 ஜனவரி முதல் சட்டமன்றக் கேள்வி நேரத்தை நேரலையில் பார்க்க முடிகிறது, நல்ல மாற்றம். இங்கும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, மாவட்டங்களுக்கே போய்ப் பார்க்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு அந்தக் குழு வரும்போது, சொன்னது செய்யப்படாத மருத்துவமனையைப் பற்றி அவர்களிடம் மனு கொடுங்கள்.

மத்தியில் கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது? முதலில், இந்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத விஷயம் பற்றிய கேள்வியை மக்களவை விதி 41-ன் கீழ் ஏற்கவே மாட்டார்கள். ‘எங்கள் ஊர் அரசு மருத்துவமனை ஏன் இப்படி இருக்கிறது’ என்றால் போச்சு. அதே மருத்துவமனைக்கு என்.எச்.எம். என்று நாம் சொல்லும் தேசிய சுகாதார இயக்கத்தின் பணம் வருகிறது, 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். அந்தப் பணம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று கேட்டால் மாநிலப் பொருள் என்று சொல்ல முடியாது. எய்ம்ஸ், ஆயுஷ்மான் காப்பீடு, மருந்துத் தரக் கட்டுப்பாடு, மருத்துவக் கல்வி எல்லாம் அப்படித்தான். ஆக்சிஜன் விஷயத்திலேயே, 2021 ஜனவரியில் மத்திய அரசு 162 ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. 2021 ஏப்ரல் நடுவில் 33 தான் நிறுவப்பட்டிருந்தன என்று அமைச்சகமே சொன்னது. ‘எத்தனை பேர் இறந்தார்கள்’ என்பதோடு, ‘மீதி 129 எந்தெந்த ஊரில், எந்தக் காரணத்தால் நின்றன’ என்று கேட்டிருந்தால், அது முழுக்க அமைச்சகத்தின் சொந்தக் கணக்கு. தள்ளிவிட ஆள் கிடைத்திருக்காது.

மதுரை எய்ம்ஸில் இந்த முறை பலன் தந்தது. தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். பல ஆண்டுகள் கட்டடம் எழவில்லை. தமிழக உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கூட்டத்தொடர்தோறும் கேட்டார்கள். ‘எப்போது முடியும்’ என்று மட்டும் கேட்டிருந்தால் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற பதிலோடு முடிந்திருக்கும். மதிப்பீடு எவ்வளவு, கடன் எங்கிருந்து, ஒப்பந்தம் எப்போது என்று பிரித்துக் கேட்டார்கள். 1,264 கோடியாக இருந்த மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்ததும், பெரும்பகுதி ஜைக்கா என்ற ஜப்பான் அரசு நிறுவனத்தின் கடன் என்பதும், கடன் ஒப்பந்தம் அடிக்கல்லுக்கு இரண்டு ஆண்டு கழித்து 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது என்பதும் மக்களுக்குத் தெளிவானது. 2022-ல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பகிர்ந்துதான் படிக்க ஆரம்பித்தார்கள். கட்டடம் சீக்கிரம் வந்துவிடவில்லை. ஆனால் தாமதம் எந்த மேசையில் நடந்தது என்று தேதியோடு சொல்ல முடிந்தது.

நீங்கள் செய்யக்கூடியது இது. இரு அவைகளின் கேள்வி-பதில்களும் நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் அமைச்சகம், தேதி வாரியாகக் கிடைக்கின்றன. உங்களைப் பாதிக்கும் சுகாதாரப் பிரச்சினையில் ஏற்கெனவே வந்த பதிலைத் தேடி எடுங்கள். அதில் எது சொல்லப்படவில்லை என்று குறியுங்கள். கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, பழைய கேள்வியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அடுத்த கேள்வியை நீங்களே எழுதி உங்கள் எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். ‘விவரம் இல்லை’ என்று முன்பு பதில் வந்திருந்தால், இந்த முறை விவரத்தைக் கேட்காதீர்கள். அதைச் சேகரிக்க எந்தத் தேதியில் எந்த மாநிலத்துக்கு எழுதினீர்கள், எந்த மாநிலம் பதில் தரவில்லை என்று கேளுங்கள். தன் அமைச்சகம் எழுதிய கடிதத்தைப் பற்றி விவரம் இல்லை என்று எந்த அமைச்சராலும் சொல்ல முடியாது.